ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தைப் பின்தொடர்வது எப்படி: டெஸ்ட் கிரிக்கெட்டுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஐபிஎல் ஆட்டங்கள் வழியாகக் கிரிக்கெட்டுக்குள் வந்தவர்கள், இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குச் சென்று ஆடும் டெஸ்ட் தொடரை முதன்முறையாகப் பார்க்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குள் சலித்து விலகிவிடுகிறார்கள். மூன்றரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும் ஆட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு, ஒருவர் நாற்பது பந்துகளைத் தொடாமல் விடுவது ஏன் முக்கியம் என்று உடனே புரிவதில்லை. அதைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள இந்தக் கட்டுரை உதவும். வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் என்பது நான்கைந்து தனித்தனி ஆட்டங்களின் தொகுப்பு அல்ல என்பதையும், ஏறத்தாழ ஏழெட்டு வாரம் நீளும் ஒரே ஆட்டமாகவே அதைப் பார்க்க வேண்டும் என்பதையும் மட்டும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் பார்வையிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது.

முதல் படி: அட்டவணையை நம் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே நேரம் ஊருக்கு ஊர் மாறுபடும். கோடைக்காலத்தில் பெர்த் நம்மைவிட இரண்டரை மணி நேரமும், பிரிஸ்பேன் நான்கரை மணி நேரமும், அடிலெய்டு ஐந்து மணி நேரமும், மெல்பேர்னும் சிட்னியும் ஐந்தரை மணி நேரமும் முந்தியிருக்கும். 2024-25 தொடரில் பெர்த் ஆட்டம் நமக்குக் காலை 7.50 மணிக்கும், பிரிஸ்பேன் ஆட்டம் 5.50 மணிக்கும், மெல்பேர்ன், சிட்னி ஆட்டங்கள் விடியற்காலை 5 மணிக்கும் தொடங்கின. அடிலெய்டில் பகலிரவு ஆட்டம் என்பதால் அது காலை 9.30 மணிக்குத் தொடங்கியது. மழையால் ஆட்டம் தடைபட்டால், இழந்த ஓவர்களை ஈடுகட்ட மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்குவதும் உண்டு. இதை அறியாமல் ஐந்து மணிக்கு எழுந்தவர் முக்கியமான இரண்டு விக்கெட்டுகளைத் தவறவிட்டிருப்பார்.

அட்டவணையில் நேரத்தோடு சேர்த்து இரு ஆட்டங்களுக்கு இடையிலான நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024-25 தொடரில் பெர்த் டெஸ்ட் நவம்பர் 22 அன்றும், அடிலெய்டு டெஸ்ட் டிசம்பர் 6 அன்றும் தொடங்கின. ஆனால் டிசம்பர் 26 அன்று தொடங்கிய மெல்பேர்ன் ஆட்டம் ஐந்து நாளும் நடந்து முடிந்தபின், சிட்னி ஆட்டம் ஜனவரி 3 அன்றே தொடங்கிவிட்டது. நடுவில் முழுமையாகக் கிடைத்தவை மூன்றே நாட்கள். வேகப்பந்து வீச்சாளர்களின் உடல்நிலையைப் பொறுத்தவரை இந்த இடைவெளிதான் தொடரின் பின்பாதியைத் தீர்மானிக்கிறது.

இரண்டாம் படி: ஐந்து ஊர்களின் ஆடுகளங்களையும் தனித்தனியாக அறிந்துகொள்ளுங்கள்

பெர்த்தில் முன்பு வாகா மைதானத்திலும், 2018 முதல் இந்தியாவுக்கு எதிரான ஆட்டங்கள் ஆப்டஸ் மைதானத்திலும் நடக்கின்றன. பந்து எழும்பி வருவதில் இரண்டுமே பெயர் பெற்றவை. நம் ஊர் ஆடுகளத்தில் இடுப்பளவு வரும் பந்து அங்கே மார்பளவு வரும் என்பதால், முன்காலில் ஊன்றி ஆடப் பழகிய மட்டையாளர்கள் தங்கள் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பிரிஸ்பேனின் காபா மைதானத்திலும் எழுச்சி அதிகம். 1988இல் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றபின் 2021 ஜனவரி வரை அங்கே ஆஸ்திரேலியா ஒரு டெஸ்டில்கூடத் தோற்றதில்லை.

அடிலெய்டில் பக்கவாட்டு எல்லைக்கோடு அருகிலும் நேர் எல்லைக்கோடு தொலைவிலும் இருக்கும். மெல்பேர்னில் பக்கவாட்டு எல்லை மிக நீளமானது. அதனால் ஒரே மாதிரியான கட் ஷாட் ஒரு மைதானத்தில் நான்கு ஓட்டங்களையும் மற்றொன்றில் இரண்டு அல்லது மூன்று ஓட்டங்களையும் தரும். மெல்பேர்ன், அடிலெய்டு, பெர்த் ஆகிய மூன்றிலும் ஆடுகளத்தை வெளியே தயாரித்துக் கொண்டுவந்து மைதானத்தில் பதிக்கிறார்கள். சிட்னி சுழற்பந்துக்கு உதவும் என்பது நெடுங்காலப் பெயர். ஆனால் 2025 ஜனவரியில் அங்கே வேகப்பந்து வீச்சாளர்களே ஆதிக்கம் செலுத்தி, ஆட்டம் மூன்றே நாளில் முடிந்தது. ஆகவே பழைய பெயரை மட்டும் நம்பாமல், ஆட்டத்துக்கு முந்தைய நாள் வெளியாகும் ஆடுகளப் படத்தில் புல் எவ்வளவு விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் படி: அணி அறிவிப்பைக் கடைசிப் பெயர் வரை படியுங்கள்

அணி அறிவிக்கப்பட்டதும் எல்லோரும் அணித்தலைவர் யார், தொடக்க ஆட்டக்காரர் யார் என்றே பார்ப்பார்கள். நீங்கள் மாற்று வீரர்களின் பெயர்களையும், வலைப்பயிற்சிக்காக உடன் அழைத்துச் செல்லப்படும் பந்துவீச்சாளர்களின் பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். நீண்ட தொடரின் இறுதியில் களத்தில் நிற்கப்போவது அவர்களாகவே இருக்கலாம்.

2020-21 சுற்றுப்பயணத்தில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான் சென்றார். டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20 ஆட்டத்திலும், ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமாகி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடியவரானார். அதே பிரிஸ்பேன் டெஸ்டில் அறிமுகமான சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு, பிறகு 62 ஓட்டங்களும் எடுத்தார். அவரும் ஷர்துல் தாக்கூரும் ஏழாவது விக்கெட்டுக்குச் சேர்த்த 123 ஓட்டங்கள் இல்லாமல் அந்த ஆட்டத்தின் முடிவை எண்ணிப் பார்க்கவே முடியாது. அந்த நான்கு டெஸ்டுகளில் இந்தியா மொத்தம் 20 வீரர்களைக் களமிறக்கியது.

நான்காம் படி: பந்தின் வயதைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதையே பின்பற்றுங்கள். திரையின் மூலையில் ஓட்டங்களுக்கு அருகே ஓவர் எண்ணிக்கை இருக்கும். டெஸ்ட் ஆட்டத்தில் ஓட்டங்களுக்கு இணையான பொருள் அந்த எண்ணுக்கு உண்டு.

ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா பந்து பயன்படுகிறது. இந்தியாவில் பயன்படும் எஸ்ஜி பந்தைக் கையால் தைக்கிறார்கள். அதன் தையல் மேடு நெடுநேரம் எழும்பி நிற்கும். கூக்கபுராவின் தையல் விரைவில் தட்டையாகிவிடும். எனவே புதிய பந்து வீசப்படும் முதல் இருபது, இருபத்தைந்து ஓவர்கள்தான் மட்டையாளருக்கு மிகக் கடினமானவை. அந்தக் கட்டத்தில் ஒருவர் 60 பந்துகளில் 12 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றால், பின்னால் வருபவர்கள் பழைய பந்தை எதிர்கொள்ளும்படி அவர் பாதுகாத்துத் தருகிறார் என்று பொருள். முப்பத்தைந்தாவது ஓவரிலிருந்து எண்பதாவது ஓவர் வரை ஓட்டம் எடுப்பது ஓரளவு எளிதாகும். 80 ஓவர்கள் முடிந்ததும் பந்துவீசும் அணி இரண்டாவது புதிய பந்தைக் கேட்டுப் பெறலாம். அப்போது மீண்டும் எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும்.

இதற்கு பிரிஸ்பேன் டெஸ்டின் கடைசி நாளைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 2021 ஜனவரி 19 அன்று இந்தியாவின் இலக்கு 328. சுப்மன் கில் ஒரு முனையில் 91 ஓட்டங்களை விரைவாக எடுத்தபோது, சேதேஷ்வர் புஜாரா மறுமுனையில் தோள், விரல், தலைக்கவசம் என்று பலமுறை அடிவாங்கியபடி 211 பந்துகளை எதிர்கொண்டு 56 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டாவது புதிய பந்து எடுக்கப்பட்டவுடனேயே பேட் கம்மின்ஸ் அவரை எல்பிடபிள்யூ முறையில் வெளியேற்றினார். ஆனால் அதற்குள் ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர்கள் களைத்துப்போயிருந்தார்கள். ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 ஓட்டங்கள் எடுத்து, மூன்று ஓவர்கள் மீதமிருக்கையில் மூன்று விக்கெட் வித்தியாசத்தில் ஆட்டத்தை முடித்தார். சுருக்கக் காணொளிகளில் ரிஷப் பந்த் அடித்த நான்குகளே தெரியும். புஜாரா தாக்குப்பிடித்த நேரம் அவற்றில் தெரியாது. முழு ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

பகலிரவு ஆட்டத்தில் பயன்படும் இளஞ்சிவப்புப் பந்துக்குத் தனி இயல்பு உண்டு. அந்தி நேரத்தில் விளக்குகள் ஏற்றப்படும்போது அது அதிகமாக அசைகிறது என்பது வீரர்களின் பொதுவான கருத்து. எனவே அடிலெய்டில், நம் நேரப்படி பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிய பொழுதிலிருந்து கூடுதல் கவனத்துடன் பாருங்கள்.

ஐந்தாம் படி: நாளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

டெஸ்டின் ஒரு நாள், தலா இரண்டு மணி நேரம் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். முதல் பகுதிக்குப்பின் நாற்பது நிமிட உணவு இடைவேளையும், இரண்டாவதற்குப்பின் இருபது நிமிடத் தேநீர் இடைவேளையும் உண்டு. ஒரு நாளில் 90 ஓவர்கள் வீசப்பட வேண்டும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் எடுக்கப்பட்ட ஓட்டங்களையும் விழுந்த விக்கெட்டுகளையும் எழுதி, அந்தப் பகுதி யாருக்குச் சாதகம் என்று நீங்களே தீர்மானித்துக் குறியுங்கள். 90 ஓட்டங்களுக்கு விக்கெட் இழப்பு இல்லை என்றால் மட்டையாளர்களுக்கு; 60 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் என்றால் பந்துவீச்சாளர்களுக்கு. பெரும்பாலும் அதிகப் பகுதிகளை வென்ற அணியே ஆட்டத்தையும் வெல்லும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 244 ஓட்டங்கள் எடுத்து, ஆஸ்திரேலியாவை 191க்குள் சுருட்டி, 53 ஓட்டங்கள் முன்னிலை பெற்றிருந்தது. இரண்டு நாள் முடிவில் நோட்டுக் கணக்கு இந்தியாவுக்கே சாதகமாக இருந்திருக்கும். மூன்றாம் நாளின் முதல் பகுதியில், விளக்கொளி வருவதற்கு முன்பே, ஜோஷ் ஹேசல்வுட் எட்டு ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளையும் கம்மின்ஸ் நான்கு விக்கெட்டுகளையும் எடுக்க, இந்தியா 36 ஓட்டங்களோடு முடிந்துபோனது. இந்திய டெஸ்ட் வரலாற்றில் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. மறுபக்கத்தில், 2003இல் அதே ஊரில் ஆஸ்திரேலியா முதல் நாளிலேயே 400 ஓட்டங்களை எட்டி, மொத்தம் 556 எடுத்தது. இந்தியா 85 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளை இழந்திருந்தபோது இணைந்த ராகுல் டிராவிட்டும் லட்சுமணும் 303 ஓட்டங்கள் சேர்த்தார்கள். டிராவிட்டின் 233 ஓட்டங்களும், இரண்டாவது இன்னிங்ஸில் அஜித் அகர்கர் வீழ்த்திய ஆறு விக்கெட்டுகளும் நான்கு விக்கெட் வெற்றியைப் பெற்றுத் தந்தன.

இந்தப் படியில் இரண்டு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஆடிய அணியைவிட 200 அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்கள் பின்தங்கினால், இரண்டாவதாக ஆடிய அணியை உடனே மீண்டும் ஆடச் சொல்லலாம். இதுவே பாலோ ஆன். 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவின் 445க்கு எதிராக இந்தியா 213 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கெட்டுகளை இழந்த நிலையில், கடைசி ஜோடியான பும்ராவும் ஆகாஷ் தீப்பும் தேவையான 246ஐக் கடந்தபோது ஓய்வறையில் எழுந்த மகிழ்ச்சிக்குக் காரணம் அதுதான். மழை குறுக்கிட்ட அந்த ஆட்டம், ஐந்து நாள் முடிந்தும் யாருக்கும் வெற்றி இல்லாமல், சமனில் (டிரா) முடிந்தது. இரண்டாவது விதி, நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை கேட்பது. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று முறை கேட்டுத் தோற்கலாம். அதன்பின் வாய்ப்பு இல்லை.

ஆறாம் படி: சமன் என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணாதீர்கள்

புதியவர்கள் மனம் பழக அதிக நாள் எடுப்பது இங்கேதான். 2021 ஜனவரியில் சிட்னியில் 407 ஓட்ட இலக்கோடு கடைசி நாளைத் தொடங்கிய இந்தியா, ரிஷப் பந்தின் 97, புஜாராவின் 77 ஆகியவற்றால் வெற்றியைக்கூட நினைக்கும் நிலைக்கு வந்தது. அவர்கள் இருவரும் வெளியேறியபின், தொடைத் தசையில் காயமடைந்த ஹனுமா விஹாரியும், முதுகுவலியோடு ஆடிய அஷ்வினும் நாற்பது ஓவர்களுக்கும் மேல் களத்தில் நின்றார்கள். விஹாரி 161 பந்துகளில் 23, அஷ்வின் 128 பந்துகளில் 39; இருவரும் ஆட்டமிழக்கவில்லை. ஓடி ஓட்டம் எடுக்கும் நிலையில் விஹாரி இல்லாததால், இருவரும் களத்திலேயே பேசி முனைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் பெரும்பாலும் வேகப்பந்தையும் மற்றவர் பெரும்பாலும் நேதன் லயனின் சுழலையும் எதிர்கொண்டது பிறகு தெரியவந்தது. 334 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றிருந்தால், பிரிஸ்பேனில் தொடரை வெல்லும் வாய்ப்பே இருந்திருக்காது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கிலும் வெற்றிக்கு 12 புள்ளிகள் என்றால் சமனுக்கு 4 புள்ளிகள் உண்டு.

ஏழாம் படி: ஆட்டமில்லாத நாட்களிலும் கணக்கைத் தொடருங்கள்

ஓர் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பந்துவீச்சாளரும் எத்தனை ஓவர் வீசினார் என்பதைக் கூட்டி எழுதி வையுங்கள். இந்த ஒரு பழக்கம், தொடரில் அடுத்து என்ன நடக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே காட்டும். 2024-25 தொடரில் பும்ரா பெர்த்தில் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தி, 295 ஓட்ட வெற்றிக்கு வழிவகுத்தார். அதன்பின் ஒவ்வொரு ஆட்டத்திலும் சுமை அவர் மீதே ஏறியது. தொடர் முழுவதும் 150 ஓவர்களுக்கும் மேல் வீசி, ஓர் விக்கெட்டுக்கு 13 ஓட்டங்கள் என்ற வியப்பூட்டும் சராசரியில் 32 விக்கெட்டுகள் எடுத்தவர், சிட்னியில் முதுகுப் பிடிப்பால் இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. ஆஸ்திரேலியா 162 ஓட்ட இலக்கை எட்டி, 3-1 என்ற கணக்கில் இரு நாடுகளின் டெஸ்ட் தொடருக்கான பார்டர்-கவாஸ்கர் கோப்பையைப் பத்தாண்டுகளுக்குப்பின் பெற்றது. அந்த முடிவுக்கான விதை மெல்பேர்னிலும் அதற்கு முன்பும் வீசப்பட்ட ஓவர்களில் இருந்தது என்பதை, கணக்கெழுதி வந்த ரசிகர் அன்றே உணர்ந்திருப்பார்.

2020-21இல் இதற்கு நேர்மாறானது நடந்தது. அடிலெய்டுக்குப்பின் விராட் கோலி குழந்தைப்பேற்றுக்காக நாடு திரும்பினார். முகமது ஷமியின் கை முறிந்தது. மெல்பேர்னில் உமேஷ் யாதவும், சிட்னியில் ஜடேஜாவும் விஹாரியும் அஷ்வினும் பும்ராவும் காயமடைந்தார்கள். பிரிஸ்பேனில் இறங்கிய ஐந்து பந்துவீச்சாளர்களும் அதற்கு முன் ஆடியிருந்தது, எல்லோரையும் சேர்த்து, நான்கே டெஸ்டுகள். எதிரே ஆஸ்திரேலியாவின் நான்கு முதன்மைப் பந்துவீச்சாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்திருந்தார்கள். சுற்றுப்பயணத் தொடக்கத்தில் தந்தையை இழந்தும் நாடு திரும்பாமல் தங்கிய முகமது சிராஜ், அங்கே இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் ஆஸ்திரேலியாவோ நான்கு ஆட்டங்களிலும் அதே நான்கு பந்துவீச்சாளர்களையே பயன்படுத்தியது. கடைசி நாளின் கடைசிப் பகுதியில் அவர்கள் களைத்திருந்ததற்கு அந்தத் தொடர்ச்சியும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டாம் படி: பழைய சுற்றுப்பயணங்களை வரிசையாகப் பாருங்கள்

இந்தியா முதன்முதலில் ஆஸ்திரேலியா சென்றது 1947-48இல். லாலா அமர்நாத் தலைமையில் சென்ற அணி பிராட்மனின் அணியிடம் 4-0 என்று தோற்றது. அங்கே முதல் டெஸ்ட் வெற்றி, சந்திரசேகர் 12 விக்கெட்டுகளை எடுத்த 1977-78 மெல்பேர்ன் ஆட்டத்தில் கிடைத்தது. முதல் தொடர் வெற்றிக்கோ 2018-19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேரம் குறைவாக உள்ளவர்கள் 1981 மெல்பேர்ன், 2003 அடிலெய்டு, 2008 பெர்த் ஆகிய மூன்று ஆட்டங்களின் நீண்ட தொகுப்புகளை முதலில் பார்க்கலாம். 2018-19 தொடரைப் பார்க்கும்போது, புஜாரா எடுத்த 521 ஓட்டங்களோடு, அவர் எதிர்கொண்ட 1,258 பந்துகளையும் நினைவில் வையுங்கள். மறுமுனையிலிருந்த மட்டையாளர்கள் அனைவரும் அந்தப் பந்துகளால் பயனடைந்தவர்களே.

நேரில் செல்ல விரும்புவோருக்கு

டிசம்பர் 26 அன்று தொடங்கும் மெல்பேர்னின் பாக்சிங் டே டெஸ்டின் முதல் நாளுக்கான அனுமதிச்சீட்டுகள் மிக விரைவில் விற்றுவிடும். 2024இல் அந்த ஆட்டத்தை ஐந்து நாட்களிலும் சேர்த்து 3,73,691 பேர் நேரில் பார்த்தார்கள். சீட்டு கிடைக்காதவர்கள் மூன்றாம் அல்லது நான்காம் நாளுக்கு முயல்வது நல்லது. ஆட்டம் திருப்பம் காண்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாளில், புற்றுநோயாளிகளுக்கு உதவும் மெக்ராத் அறக்கட்டளைக்கு ஆதரவாக அரங்கம் முழுவதும் இளஞ்சிவப்பு உடை அணிவது வழக்கம். ஆனால் ஐந்து நாள் ஆட்டம் மூன்று நாளில் முடியும் சாத்தியத்தையும் கருதி, ஐந்தாம் நாளை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். தொப்பியும் வெயில் காப்புக் களிம்பும் கட்டாயம் வேண்டும். ஆடுகளத்தின் நேர்க்கோட்டில், பந்துவீச்சாளரின் பின்புறமாக அமையும் இருக்கை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பந்து காற்றில் வளைவதையும் தரையில் பட்டு விலகுவதையும் அங்கிருந்துதான் தெளிவாகப் பார்க்க முடியும்.